கரி அள்ளியவனைக் காணோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் மீன்பிடித் தொழில் வளர்ந்த கதையை ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தீர்கள். கட்டுமரம், பாய்மரம், அப்புறம் விசைப்படகு என்று நன்றாகத்தான் போனது. நடுவில் ஒரு பழைய படம். ஒல்லியாக நெட்டையாக ஒரு புகைபோக்கி, பக்கவாட்டில் தொங்கும் வலை, மேல்தளத்தில் முகம் தெரியாத நாலு பேர். படத்தின் கீழே, நீராவி இழுவைக் கப்பல் (வலையைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டே மீன் பிடிக்கும் ட்ராலர்) வந்ததும் மீனவரின் உடலுழைப்பு பாதியாகக் குறைந்தது என்று ஒரு வரி. அந்த ஒரு வரியைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றிப் பேச நீ யார் என்று கேட்டால் நியாயமான கேள்விதான். இங்கே எங்களுக்கு இருப்பது ஒரு ஏரி, அதில் பெடல் படகு. கீழே சேலத்துக்கு இறங்கினால் சூரமங்கலம் மார்க்கெட்டில் ஐஸ் பெட்டியில் வந்து இறங்குகிற மீனோடு கடல் முடிந்தது. ஆனால் எனக்கு நெருப்பைத் தெரியும். என் அப்பா ரயில்வேயில் ஃபயர்மேன், சேலம் விருத்தாசலம் மீட்டர்கேஜ் பாதையில் கரி அள்ளிப் போட்டவர். நான் சேலம் பக்கம் ஒரு நூல் மில்லில் முப்பத்தொரு வருடம் பாய்லர் அட்டெண்டன்ட், செகண்ட் கிளாஸ் சர்டிபிகேட்டில் சேர்ந்து ஃபர்ஸ்ட் கிளாஸில் ஓய்வு பெற்றேன். மகள் வீட்டோடு மலைக்கு வந்த பிறகு, பேரன் கைப்பேசியில் பழைய பாய்லர் படங்கள் தேடப்போய், வந்ததில் பாதிக்கு மேல் கப்பல் பாய்லராக இருக்க, அங்கிருந்து இந்த இழுவைக் கப்பல்களிடம் போய் மாட்டிக்கொண்டேன். ஆறேழு வருடமாகக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படிக்கிறேன். வீட்டில் எல்லோருக்கும் சலித்துவிட்டது, இப்போது உங்கள் முறை.

உங்கள் கட்டுரையாளர் விட்டுப்போன ஆரம்பத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1877-ல் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், நார்த் ஷீல்ட்ஸ் என்ற துறைமுகத்தில், வில்லியம் பர்டி என்பவர் தன்னுடைய ‘மெஸெஞ்சர்’ என்ற படகின் பின்னால் மீன்வலையைக் கட்டி இழுத்துப் பார்த்தார். அது மீன்பிடிப் படகே இல்லை. பாய்க்கப்பல்களைக் கயிறு கட்டித் துறைமுகத்துக்குள் இழுத்து வரும் டக், பக்கத்துக்கு ஒரு துடுப்புச் சக்கரம் வைத்தது. தொழில் மந்தமான சமயம், பாய்லர் சும்மா கிடக்கிறதே என்று செய்து பார்த்தது பலித்துவிட்டது. மீன் கொட்டியது. பக்கத்துப் படகுக்காரன் சும்மா இருப்பானா, மற்ற டக்குகளும் வலையைத் தூக்கிக்கொண்டு கிளம்பின. 1881-ல் கிரிம்ஸ்பி ஊர்க் கம்பெனி ஒன்றுக்காக ஹல் துறைமுகத்தில் ‘ஸோடியாக்’ என்ற கப்பலைக் கட்டினார்கள். இழுவலைக்காகவே, நீராவியில் ஓடுவதற்காகவே கட்டியது. அடுத்த வருடம் ஸ்காட்லாந்தில் அபர்டீன் துறைமுகத்துக்கு ‘டாய்லர்’ என்ற பழைய டக் வந்தது. அந்தப் பெயருக்குப் பாடுபடுகிறவன் என்று அர்த்தம். வைத்தவர் என்ன நினைத்து வைத்தாரோ, பொருத்தமாக வைத்தார்.

அதற்கு முன்னால் பாயில்தான் இழுத்தார்கள். நாற்பது ஐம்பது அடி நீள உத்தரம் ஒன்று, அதன் இரண்டு முனையிலும் இரும்புச் சட்டம், பின்னால் பை மாதிரி வலை. காற்று அடித்தால் இழுக்கும், அடிக்காவிட்டால் நிற்கும். இங்கேதான் சார் விஷயம் இருக்கிறது. பாய்மரக் காலத்து மீனவனுக்கு முதலாளி லீவு கொடுக்கவில்லை, காற்றுதான் கொடுத்தது. காற்று விழுந்தால் வலை இறக்க முடியாது, படகு அசையாமல் கிடக்கும், அவன் கிழிந்த வலையை முடிவான், துணியைத் தைப்பான், இல்லாவிட்டால் தூங்குவான். அந்த வாழ்க்கை சொர்க்கம் என்று சொல்லவில்லை, அதிலும் செத்தவர்கள் ஏராளம். ஆனாலும் அந்தத் தூக்கம் அவனுக்குக் கிடைத்தது. நீராவி வந்ததும் முதலில் போனது அதுதான். காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் கப்பல் இழுக்கும். அதோடு, கரி எரிந்துகொண்டே இருக்கிறது, ஒவ்வொரு மணிநேரத்துக்கும் காசு, வலை தண்ணீரில் இல்லாத நேரமெல்லாம் நஷ்டம். இந்தக் கணக்கு வந்த இடத்தில் உழைப்பு எப்படிப் பாதியாகும்?

வலை மூன்று நான்கு மணிநேரம் இழுபடும். அப்புறம் விஞ்சில், அதாவது கம்பியைச் சுற்றி இழுக்கிற உருளையில், தூக்குவார்கள், அதுவும் நீராவியில் சுற்றுவது. பையின் அடிமுடிச்சை அவிழ்த்ததும் மீன் தளத்தில் கொட்டும். உடனே வலை மறுபடி உள்ளே போய்விடும். அது இழுபடுகிற நேரத்துக்குள் இந்த மீனையெல்லாம் குடல் எடுத்து, கழுவி, பிரித்து, ஐஸ் போட்டு அடுக்க வேண்டும். சீக்கிரம் முடிந்தால் மிச்ச நேரம் தூக்கம். மீன் நிறைய விழுந்தால் தூக்கமே இல்லை, அடுத்த வலை வந்துவிடும். இரவு பகல் எல்லாம் ஒன்றுதான். மில்லில் எங்களுக்குச் சங்கு ஊதினால் ஷிப்ட் மாறும். அங்கே மாற்றுவதற்கு ஆள் எங்கே? சின்னக் கப்பலில் மொத்தமே ஒன்பது பத்துப் பேர்: தலைவர், அவருக்கு அடுத்தவர், தளத்துக்காரர்கள், ஒரு சமையல்காரர், இரண்டு எஞ்சின்காரர்கள், கரிக்காரர் ஒருவரோ இருவரோ.

1890களில் இன்னொன்றும் சேர்ந்தது. ஸ்காட்லாந்தில் கிரான்டன் என்ற இடத்தைச் சேர்ந்த ஸ்காட் என்பவர் 1894-ல் ஒரு வலைக்குக் காப்புரிமை வாங்கினார். உத்தரம் வேண்டாம், வலையின் வாய்க்கு இரண்டு பக்கமும் இரண்டு கனமான பலகை. கப்பல் இழுக்க இழுக்கத் தண்ணீரின் அழுத்தமே பலகைகளை ஆளுக்கொரு பக்கமாகத் தள்ளி வாயை விரித்து வைக்கும். காற்றில் பட்டம் நிற்கிற தந்திரம், கடலுக்கு அடியில். இன்றைக்கும் நம் கடலூர், நாகப்பட்டினம் விசைப்படகுகளில் பின்பக்கம் பார்த்தால் அந்தப் பலகைகள் தொங்கும். வலை பெரிதானது, வாய் அகலமானது. மேலே குடல் எடுத்த கைகள் மட்டும் அதே எண்ணிக்கை.

இப்போது கீழே இறங்குவோம். உங்கள் படத்தில் இல்லாத இடம்.

அந்தக் கப்பல்களில் இருந்தவை பெரும்பாலும் ட்ரிப்பிள் எக்ஸ்பான்ஷன் எஞ்சின். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். கரும்புச்சாறு கடையில் ஒரே கரும்பை மடித்து மடித்து மூன்று தரம் உருளைக்குள் கொடுப்பாரே, அதேதான். முதல் சிலிண்டரில் வேலை செய்த நீராவியை வெளியே விடாமல் அடுத்த பெரிய சிலிண்டருக்கும், அங்கிருந்து இன்னும் பெரிய சிலிண்டருக்கும் அனுப்பிச் சக்கையாகப் பிழிகிற வேலை. கரி மிச்சம். அதற்குத் தகுந்தபடி பாய்லரில் அழுத்தம் வேண்டும், சதுர அங்குலத்துக்கு 180, 200 பவுண்டு. அதைப் பிடித்து நிறுத்துகிறவன் கரிக்காரன். வலை தூக்குகிற நேரத்தில் விஞ்ச் நீராவியைக் குடித்துவிடும், அழுத்தம் காட்டுகிற முள் இறங்கும். அதனால் முன்கூட்டியே நெருப்பை ஏற்றி வைத்திருக்க வேண்டும். மேலே இருக்கிறவர்களுக்கு மீன் வருகிறதா என்று கவலை. கீழே இருக்கிறவனுக்கு முள் மேல்தான் கண்.

எங்கள் மில்லில் இருந்தது லங்காஷயர் பாய்லர். செங்கல் கட்டி உட்கார வைத்தது, பூகம்பம் வந்தால்தான் அசையும். கேஜ் கிளாஸைப் பார்த்தால் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று சந்தேகம் இல்லாமல் தெரியும். கப்பலில் அந்தக் கண்ணாடிக்குள் தண்ணீர் மேலும் கீழுமாக ஓடும், ஒவ்வொரு அலைக்கும். உண்மையான மட்டம் எது என்பதை அந்த ஆட்டத்துக்கு நடுவில் அவனே கணித்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் குறைந்து நெருப்புக்கு மேலே இருக்கிற தகடு காய்ந்தால் என்ன ஆகும் என்று பாய்லர் பரீட்சை எழுதிய எவனைக் கேட்டாலும் சொல்வான். உலைக் கதவைத் திறக்கிற நேரத்தில் கப்பல் சாய்ந்தால் எரிகிற கரி காலடிக்கே உருண்டு வரும்.

எனக்கு ஒரு ராத்திரி நினைவு இருக்கிறது. ஐப்பசி மழை, பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றுகிற ஃபீட் பம்ப் நின்றுவிட்டது, அதற்கு மாற்றாக இருந்த இன்ஜெக்டரும் பிடிக்கவில்லை. கண்ணாடியில் தண்ணீர் இறங்குகிறது. பழுது என்று நாங்கள் இரண்டு தடவை நோட்டில் எழுதிய பம்ப்தான், மில்லில் யாரும் கண்டுகொள்ளவில்லை. நானும் இன்னொருவரும் நெருப்பை முழுக்க வெளியே இழுத்துப் போட்டுவிட்டு ஓடிப்போய் மழையில் நின்றோம். கை மயிர் பொசுங்கியது, உயிர் இருந்தது. எனக்கு ஓடுவதற்கு வெளியே ஒரு முற்றமும் மழையும் இருந்தன. வட கடலில் பனிக்காலத்து நடுராத்திரியில் பம்ப் நின்றால் அவன் எங்கே ஓடுவான் என்று, இந்தக் கப்பல்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் தோன்றும்.

ட்ரிம்மர் என்று ஒருவன். அவன் வேலை கரிக்கிடங்குக்குள் புகுந்து கரியை உலை வாய்க்குக் கொண்டுவந்து சேர்ப்பது. முதல் நாள் கரி கிட்டவே கிடக்கும். நாளாக ஆகக் கிடங்கு காலியாகும், அவன் இன்னும் உள்ளே, இன்னும் இருட்டில், இன்னும் தூரத்திலிருந்து வார வேண்டும். ஆள் களைத்துக்கொண்டே போகும்போது வேலை கூடிக்கொண்டே போகிற தொழில் வேறு எது இருக்கிறது? கப்பல் ஒரு பக்கம் சாயாதபடி இரண்டு பக்கமும் பார்த்து எடுக்க வேண்டும், அதுதான் அந்தப் பெயருக்குக் காரணம். ஐஸ்லாந்து மாதிரி தூரத்துப் பயணம் என்றால் கிடங்கில் இடம் போதாமல் மீன் வைக்கிற அறையிலும் கரியை நிரப்பிப் போவார்கள். போகிற வழியில் முதலில் அதை எரித்துத் தீர்த்து, அறையைத் தேய்த்துக் கழுவி, அப்புறம் அங்கே ஐஸும் மீனும். உலையிலிருந்து வாரிய சாம்பலும் கட்டி கட்டியான கிளிங்கரும் வாளியில் மேலே ஏற்றிக் கடலில் கொட்ட வேண்டும். காற்று பார்த்துக் கொட்டாவிட்டால் மூஞ்சியிலேயே வரும். இத்தனைக்கும் நடுவில் மீன் அதிகமாக விழுந்தால் அவனையும் மேலே கூப்பிட்டுக் கத்தியைக் கொடுத்துவிடுவார்கள். தூரக் கடல் கப்பல்களில் காட் மீனின் ஈரலைக்கூட விடாமல் நீராவியில் வேகவைத்து எண்ணெய் எடுத்தார்கள், அதில் ஆட்களுக்குக் கொஞ்சம் உபரிக் காசு வந்தது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மீன் எண்ணெய்க்குப் பின்னால் இப்படி ஒரு வேக்காடு இருக்கிறது.

வட கடலில் இன்னொரு முறை இருந்தது, அதைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. கப்பல்கள் கூட்டமாக வாரக்கணக்கில் கடலிலேயே கிடக்கும், கரைக்கு வராது. பிடித்த மீனைப் பெட்டியில் அடைத்து, சின்னத் துடுப்புப் படகில் ஏற்றி, அலையில் தள்ளிக்கொண்டு போய், லண்டன் பில்லிங்ஸ்கேட் சந்தைக்கு ஓடும் வேகக் கப்பலில் ஏற்ற வேண்டும். நீராவி எஞ்சின், விஞ்ச் என்று எல்லாம் வந்த பிறகும் அந்தக் கடைசி நூறு கஜம் மனிதக் கையில் துடுப்பு. அந்தப் படகுகள் கவிழ்ந்து செத்தவர்கள் எத்தனையோ பேர். மீன் மட்டும் காலைச் சந்தைக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தது.

கூலி விஷயமும் அப்படித்தான். தலைவருக்கும் அவருக்கு அடுத்தவருக்கும் சம்பளம் கிடையாது, பங்கு. கரி, ஐஸ், செலவு எல்லாம் கழித்து மிஞ்சினால் உண்டு, மிஞ்சாவிட்டால் மூன்று வாரம் கடலில் கிடந்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு. 1901-ல் கிரிம்ஸ்பி முதலாளிகள், நிலையான கூலி வாங்கிக்கொண்டிருந்த மற்றவர்களையும் இந்தப் பங்குக் கணக்குக்குள் இழுக்கப் பார்த்தார்கள். ஆட்கள் ஒப்புக்கொள்ளவில்லை. முதலாளிகள் கப்பல்களைக் கட்டிப் போட்டுவிட்டார்கள், வாரக்கணக்கில். கடைசியில் கலவரமாகி முதலாளிகள் சங்கத்தின் அலுவலகத்துக்கே ஆட்கள் தீ வைத்தார்கள், ராணுவம் வந்தது. உழைப்பு பாதியாகிச் சந்தோஷமாக இருந்தவர்கள் செய்கிற காரியமா இது?

வீட்டிலிருந்த பெண்களைப் பற்றி ஒன்று. ஹல் ஊரில் ஹெஸ்ஸல் ரோடு என்ற மீனவர் தெரு. வலை பின்னுவது அங்கே பெண்கள் தொழில். புருஷன் கடலுக்குக் கிளம்புகிற நாளில் அவர்கள் துணி துவைக்க மாட்டார்களாம், துவைத்தால் ஆளைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும் என்று. என் மனைவியிடம் சொன்னேன். நம் வீட்டில் ஆள் ஊருக்குக் கிளம்பினதும் வாசலைக் கூட்ட மாட்டோமே, அதேதான் என்றாள். அப்பா இன்ஜினுக்குக் கிளம்பும்போது அம்மாவும் ‘போய்ட்டு வாங்க’ என்பாளே தவிர, ‘போங்க’ என்று ஒருநாளும் சொன்னதில்லை.

சரி, கப்பல்களுக்கு என்ன கதி வந்தது என்பதற்கு வருகிறேன். மனிதனைப் போலத்தான் அதுவும்.

1904 அக்டோபர் 21 ராத்திரி. ஹல் ஊரின் ‘கேம்காக்’ என்ற கப்பல் கூட்டம் டாகர் பேங்க் என்ற மேட்டுக் கடலில் வலை இறக்கி இருக்கிறது. ஜப்பானோடு சண்டை போடப் பால்டிக் கடலிலிருந்து கிளம்பிய ரஷ்யக் கடற்படை அந்த வழியாக வருகிறது. ஜப்பான் எங்கே இருக்கிறது, வட கடல் எங்கே இருக்கிறது? ஆனாலும் பயந்துபோயிருந்தவர்களுக்கு மீன்பிடிக் கப்பல்கள் ஜப்பானிய டார்பிடோ படகுகளாகத் தெரிந்தன. விளக்கைப் பாய்ச்சிச் சுட ஆரம்பித்துவிட்டார்கள். வலை தண்ணீரில் இருந்ததால் இவர்களால் ஓடவும் முடியவில்லை. சிலர் கையிலிருந்த மீனைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார்களாம், நாங்கள் மீனவர்கள் என்று. ‘கிரேன்’ என்ற கப்பல் மூழ்கியது, அதன் தலைவரும் இன்னொருவரும் அங்கேயே செத்தார்கள். இருட்டில் ரஷ்யர்கள் தங்கள் கப்பலையே சுட்டுக்கொண்டதில் ‘அரோரா’ கப்பலின் பாதிரியாரும் போனார். பாரிஸில் விசாரணை நடந்து, ரஷ்யா 66,000 பவுண்டு நஷ்டஈடு கொடுத்தது. அந்தக் கடற்படை மறு வருடம் மே மாதம் சுஷிமாவில் ஜப்பானிடம் அழிந்தது, அது வேறு கதை.

1914-ல் யுத்தம் வந்ததும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இழுவைக் கப்பல்களைப் பிரிட்டிஷ் கடற்படை எடுத்துக்கொண்டது. காரணம் அந்த விஞ்சும் கம்பியும்தான். இரண்டு கப்பல்கள் இணையாகப் போய் நடுவில் கம்பியை இழுத்தால் கடலுக்குள் கட்டியிருக்கிற கண்ணிவெடி அறுந்து மேலே வரும். மீன் வாரியவர்கள் வெடி வாரினார்கள், அதே ஆட்கள், அதே கரி. போதாமல் 1917-ல் நூற்றுக்கணக்கில் புதிதாகக் கட்டினார்கள், அவற்றுக்கு டிராஃபல்கர் சண்டையில் இருந்த சாதாரண மாலுமிகளின் பெயர்களைப் பட்டியலைப் பார்த்து வைத்தார்கள். செத்து நூறு வருடம் கழித்து ஒரு கடைநிலை மாலுமிக்குக் கப்பல் பெயர் கிடைத்தது. எனக்குப் பிடித்த விஷயம் இது. 1916-ல் அன்டார்டிக் பக்கம் எலிஃபன்ட் தீவில் மாட்டிக்கொண்ட தன் ஆட்களை மீட்க, தென்துருவப் பயணி ஷாக்கில்டன் செய்த இரண்டாவது முயற்சிக்கு உருகுவே நாடு கொடுத்ததும் ஒரு நீராவி இழுவைக் கப்பல்தான், ‘இன்ஸ்டிட்யூட்டோ தி பெஸ்கா’. பனிக்கட்டி விடவில்லை, திரும்பிவிட்டது.

‘வயோலா’ என்று ஒரு கப்பல். 1906-ல் பெவர்லி என்ற ஊரில் கட்டியது, நூறு அடிக்குச் சற்று மேல் நீளம். முதலாளி ஷேக்ஸ்பியர் நாடகப் பாத்திரங்களின் பெயராகப் பார்த்துக் கப்பலுக்கு வைப்பவர். அதே 1906-ல்தான் தூத்துக்குடியில் நம் வ.உ.சி. சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். சேலத்தில் பூ மார்க்கெட்டுக்கு அவர் பெயர் இருக்கிறது, கப்பல்கள் போன இடம் தெரியும் உங்களுக்கு. வயோலா வட கடலில், நான் முன்னால் சொன்ன பெட்டியில் அடைத்து அனுப்புகிற முறையில் மீன் பிடித்தது, யுத்தத்தில் நீர்மூழ்கிகளைத் தேடியது, அப்புறம் நார்வேக்கு விற்றுப் பெயரை மாற்றித் திமிங்கில வேட்டைக்கு அனுப்பினார்கள். மறுபடி பெயர் மாற்றம், ‘டியாஸ்’. தென் அட்லாண்டிக்கில் சவுத் ஜார்ஜியா தீவுக்குப் போய், அங்கே கடல்யானைகளைக் கொன்று எண்ணெய் எடுக்கிற வேலைக்கு ஓடியது. 1960களில் அந்தத் தொழிலும் படுத்தது. கட்டிப் போட்ட இடத்திலேயே 1974-ல் மூழ்கி, 2004-ல் தூக்கி நிறுத்தினார்கள். கிரிட்விகன் என்ற அந்தப் பாழடைந்த துறையில், பெங்குவின்களுக்கு நடுவில், துருப்பிடித்து இன்றைக்கும் நிற்கிறது. எஞ்சின் உள்ளேயே இருக்கிறது சார். பழைய எஞ்சினோடு மிஞ்சியிருக்கிற நீராவி இழுவைக் கப்பல்களில் இதுதான் மூத்தது என்கிறார்கள். ஹல் ஊரிலும் கிரிம்ஸ்பியிலும் காட்சிக்கு வைத்திருக்கிற கப்பல்கள் டீசல் காலத்தவை. கரிக் கப்பல்களையெல்லாம் அந்த ஊர்க்காரர்கள் உடைத்து இரும்பாக விற்றுவிட்டார்கள்.

கடலுக்கும் ஓய்வு போனதைக் கட்டுரையாளர் தொடவில்லை. 1883-ல் லண்டன் மீன்வளக் கண்காட்சியில் ஹக்ஸ்லி என்ற பெரிய விஞ்ஞானி, காட், ஹெர்ரிங் போன்ற பெருங்கடல் மீன்வளத்தை மனிதனால் தீர்க்க முடியாது என்கிற மாதிரி பேசினார். அவர் பேசும்போது ஸோடியாக் கடலில் இறங்கி இரண்டே வருடம். 1900-ல் கார்ஸ்டாங் என்பவர் கணக்குப் போட்டுக் காட்டினார்: 1889 முதல் 1898 வரை பிடிக்கிற சக்தி எவ்வளவோ கூடியும், ஒரு கப்பலுக்கு இவ்வளவு என்று விழுந்த மீன் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. பாதியானது என்று எழுதினால் இதைத்தான் எழுதியிருக்க வேண்டும். உலகப் போரில் கப்பல்கள் வெடி வாரப் போயிருந்த நாலு வருடத்தில் மீன் பெருகி, போர் முடிந்ததும் கொஞ்ச காலம் நன்றாக விழுந்தது. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகக்கூடாது என்ற தடை இருக்கிறதே, அந்த நாட்களில் சூரமங்கலத்தில் விலை ஏறியதும் நானும் முனகுகிறவன்தான். இதைப் படித்த பிறகு முனகுவதில்லை, மேட்டூர் அணை மீன் வாங்கிக்கொள்கிறேன்.

நம் பக்கத்துக் கதை ஒரு வரிகூட இல்லாததுதான் பெரிய குறை. நீராவி இழுவைக் கப்பல் என்னவோ வெள்ளைக்காரன் கடலோடு முடிந்த மாதிரி எழுதிவிட்டார். 1908, 1909-ல் ‘கோல்டன் கிரவுன்’ என்ற கப்பல் வங்காள விரிகுடாவில் ஆய்வு செய்தது. 1921, 1922-ல் பம்பாய்ப் பக்கம் ‘வில்லியம் கேரிக்’. 1927, 1928-ல் நம் சென்னை மாகாண மீன்துறையின் ‘லேடி கோஷன்’, அப்போது கவர்னராக இருந்த கோஷன் பிரபுவின் மனைவி பெயர். ஆழ்கடலில் எங்கே மீன் இருக்கிறது என்று அது வலை இழுத்துப் பார்த்ததை மீன்துறையின் சுந்தரராஜ் அறிக்கையாக எழுதினார். கன்னியாகுமரிக்குத் தெற்கே இருக்கிற வாட்ஜ் பேங்க் என்ற மேட்டுக் கடலில் இலங்கைக் கம்பெனி ஒன்றின் ‘புல்புல்’ என்ற இழுவைக் கப்பல் 1928 முதல் சில வருடம் மீன் பிடித்தது. 1976-ல் இந்தியாவும் இலங்கையும் போட்ட கடல் எல்லை ஒப்பந்தத்தில் பேசினார்களே, அதே வாட்ஜ் பேங்க்தான். கப்பல் போனால் மீன் கிடைத்தது. ஐஸும் குளிர்க்கிடங்கும் வாங்குகிற சந்தையும் கரையில் இல்லாமல், வியாபாரமாக அது நம் பக்கம் அப்போது வேரூன்றவில்லை.

இந்த மீன்துறையை ஆரம்பித்து வைத்த ஃபிரடெரிக் நிக்கல்சன் என்னைப் போலவே மலைவாசி, குன்னூர்க்காரர். பெரிய கப்பலைக் கொண்டுவந்து இறக்குவதைவிட, கரையில் இருக்கிற மீனவனிடமிருந்து படிப்படியாகத் தொடங்க வேண்டும் என்கிற கட்சி. மலையில் இருப்பவனுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று அவரையும் யாராவது கேட்டிருப்பார்கள்.

சேலத்துக்காரன் என்பதால் இன்னொன்று. கஞ்சமலை இரும்புத் தாது ஒரு காலத்தில் பரங்கிப்பேட்டைக்குப் போய் ஹீத் என்பவரின் ஆலையில் உருகி, சீமைக்குக் கப்பல் ஏறியது. அந்த இரும்புதான் இழுவைக் கப்பலானது என்று என் நண்பர் ஒருவர் டீக்கடையில் அடித்துச் சொல்கிறார். இல்லை, ஸோடியாக் கட்டுவதற்கு முன்பே அந்த ஆலையை மூடிவிட்டார்கள். ஊர்ப் பெருமைக்காகப் பொய் சொல்ல வேண்டாம் என்று அவரிடமும் சொல்லிவிட்டேன்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. படத்தின் கீழே போட்ட வரி தவறு என்று அடுத்த வாரம் சின்னதாகவாவது போடுங்கள். அப்புறம், லேடி கோஷன் கப்பலில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளோ பேரன் பேத்திகளோ உங்கள் வாசகர்களில் இருக்கலாம், வீட்டில் ஒரு படம், ஒரு கடிதம், ஒரு சம்பளச் சீட்டு ஏதாவது இருந்தால் உங்களுக்கு அனுப்பச் சொல்லி ஒரு அறிவிப்பு. முடிந்தால் எஞ்சின் அறைப் படம். முடியாவிட்டால் எந்தப் படமும்.

இடம் போதாமல் இதை வெட்டுவீர்கள், தெரியும். ரஷ்யாக்காரன் சுட்ட கதை, ஷாக்கில்டன், டீக்கடை நண்பர் எல்லாவற்றையும் தாராளமாக எடுத்துவிடுங்கள். அந்த ட்ரிம்மர் வருகிற பத்தியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாய்லர் அட்டெண்டன்ட் ஒருவர்,
ஏற்காடு.